ரூட்டர் காலெட்: தேர்வும் பொருத்தும் முறையும்

ரூட்டரின் சுழல்தண்டுக்கும் பிட்டுக்கும் இடையில் உட்காரும், நீளவாக்கில் பிளவுகள் போட்ட கூம்பு வடிவக் குழல்தான் காலெட். நட்டை இறுக்கும்போது அது சுழல்தண்டின் கூம்புக் குழிக்குள் தள்ளப்படுகிறது. பிளவுகள் நெருங்கி உள்துளை சுருங்குகிறது. பிட்டின் தண்டைச் சுற்றிலும் கவ்விக்கொள்கிறது. வேறு பூட்டோ, திருகோ, ஆப்போ கிடையாது. நிமிடத்துக்கு 30,000 சுற்று சுழலும் பிட்டை உராய்வு மட்டுமே பிடித்து நிறுத்துகிறது. ஆகவே இந்த வேலையில் கைவலு இரண்டாம்பட்சம். அளவு அச்சொட்டாகப் பொருந்துவதும், உலோகமும் உலோகமும் இடையில் தூசியின்றித் தொடுவதுமே பிடியைத் தருகின்றன.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் வரையுள்ள மரப் பட்டறைகளில் காலெட் இரு வகை மெஷின்களில் புழங்குகிறது. ஒன்று, சன்மைக்கா ஓரம் சீவவும் காடி எடுக்கவும் பயன்படும் டிரிம்மரும் அதைவிடப் பெரிய கை ரூட்டரும். மற்றொன்று, தேக்குக் கதவில் பூவேலை செய்யவும், எம்.டி.எஃப். பலகையில் ஜாலி வெட்டவும் வைத்திருக்கும் சி.என்.சி. ரூட்டர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பொருத்தும் வரிசை மட்டும் வேறு.

நூலும் மில்லிமீட்டரும்

காலெட் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. தச்சர்கள் நூல் கணக்கில் பேசுகிறார்கள். ஓர் அங்குலத்துக்கு 8 நூல். 2 நூல் தண்டு என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; 4 நூல் என்றால் அரை அங்குலம், 12.7 மி.மீ. ஆனால் கடையில் 6 மி.மீ., 8 மி.மீ., 12 மி.மீ. தண்டுள்ள பிட்டுகளும் அதே தட்டில் கிடக்கின்றன. மகிட்டா 3709, போஷ் ஜி.கே.எஃப். 550 போன்ற டிரிம்மர்கள் 6 மி.மீ. காலெட்டுடனும் கிடைக்கின்றன, 6.35 மி.மீ. காலெட்டுடனும் கிடைக்கின்றன. 6 மி.மீ. தண்டும் 2 நூல் தண்டும் வெறும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்.

6.35 மி.மீ. காலெட்டில் 6 மி.மீ. தண்டைப் போட்டால் நட்டு இறுகத்தான் செய்யும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. மீதமுள்ள 0.35 மி.மீ. இடைவெளியை மூட காலெட் அளவுக்கு மீறி நெரிந்து, துளையின் முழு நீளத்திலும் தொடாமல் வாயோரத்தில் மட்டும் தண்டைக் கவ்வுகிறது. காலியாக ஓட்டும்போது எல்லாம் சரியாகத் தோன்றும். மரத்தில் பாரம் ஏறியதும் பிட் நழுவும். எதிர்மாறாக, 6 மி.மீ. காலெட்டுக்குள் 2 நூல் தண்டு நுழையாது. நுழையவில்லையே என்று ஸ்க்ரூ டிரைவரால் பிளவை நெம்பி விரித்தால் காலெட் அன்றோடு முடிந்தது.

12 மி.மீ. தண்டும் 4 நூல் தண்டும் 0.7 மி.மீ. வேறுபடும். சி.என்.சி.யில் நுண்வேலைக்குப் பயன்படும் 3 மி.மீ. பிட்டும் 1 நூல் பிட்டும் (3.175 மி.மீ.) இதே குழப்பத்தைத் தருகின்றன, வேறுபாடு சிறியது என்பதால் இவை கண்ணில் படாமல் தப்பிவிடும்.

அளக்கும் முறை எளிது. தண்டைத் துடைத்து, கீறலோ பழுப்புத் தடமோ இல்லாத இடத்தில் வெர்னியர் காலிப்பரை வைக்க வேண்டும். 5.97 முதல் 6.00 வரை காட்டினால் 6 மி.மீ. தண்டு, 6.32 முதல் 6.35 வரை காட்டினால் 2 நூல். புதிய பிட் வந்ததும் பெட்டியின் மீது அளவை மார்க்கரால் எழுதிவிடுவது நல்லது. இரு அளவுப் பிட்டுகளையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கவே கூடாது.

எந்த வேலைக்கு எந்தத் தண்டு

மெஷினில் 12.7 மி.மீ. காலெட்டும் போட முடியும், 6.35 மி.மீ. காலெட்டும் போட முடியும் என்றால், பெரிய பிட்டுக்கு எப்போதும் தடித்த தண்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். தண்டின் விட்டம் இரு மடங்கானால் வளைவைத் தாங்கும் திறன் 16 மடங்காகிறது. நிலைக்கட்டைக்கு ஆழக் காடி எடுப்பது, தேக்குப் பலகை ஓரத்தில் பெரிய மோல்டிங் போடுவது போன்றவை 4 நூல் தண்டுக்குரிய வேலைகள். சன்மைக்கா சீவலுக்கும் சிறு வளைவோரங்களுக்கும் 6 மி.மீ. அல்லது 2 நூல் போதும்.

காலெட்டில் தண்டு பொருந்துகிறது என்பதற்காக எந்தப் பிட்டையும் போட்டு ஓட்டிவிட முடியாது. 50 மி.மீ. விட்டமுள்ள பிட் 24,000 சுற்றில் ஓடினால் அதன் வெட்டுமுனை நொடிக்கு ஏறத்தாழ 63 மீட்டர், மணிக்கு 225 கி.மீ.க்கு மேல், வேகம் எடுக்கும். 25 மி.மீ. வரையான பிட்டுகளுக்கு 24,000 சுற்று, 50 மி.மீ. வரை 18,000, அதற்கு மேல் 16,000 முதல் 12,000 வரை என்பது பொதுவான உச்சவரம்பு. பிட்டின் தண்டில் அதைவிடக் குறைந்த எண் பொறித்திருந்தால் அந்த எண்ணையே பின்பற்ற வேண்டும். வேகத்தைக் குறைக்கும் வசதியில்லாத டிரிம்மரில் பெரிய பிட்டுக்கு இடமே இல்லை.

இ.ஆர். காலெட்டுகளை அடையாளம் காணுதல்

சி.என்.சி. சுழல்தண்டுகளில் இருப்பவை பெரும்பாலும் இ.ஆர். வகை. சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1970களில் உருவாக்கிய இந்த வடிவம் பின்னர் உலகத் தரநிலை 15488 ஆனது. அதனால் எந்த நிறுவனத்தின் காலெட்டானாலும் அதே எண்ணுள்ள சுழல்தண்டில் உட்காரும். பிளவுகள் இரு முனைகளிலிருந்தும் மாறிமாறிப் போடப்பட்டிருப்பதால் துளை நீளம் முழுக்க ஒரே சீராகச் சுருங்குவது இதன் சிறப்பு.

எண் அழிந்துபோன காலெட்டை அளந்தே இனம் காணலாம். அகன்ற பகுதியின் விட்டம் 11.5 மி.மீ. என்றால் இ.ஆர். 11, 17 என்றால் 16, 21 என்றால் 20, 26 என்றால் 25, 33 என்றால் 32. 2.2 கிலோவாட் சுழல்தண்டுகளில் பெரும்பாலும் இ.ஆர். 20 இருக்கும், அதைவிடச் சிறியவற்றில் இ.ஆர். 11. இ.ஆர். 11 காலெட் 7 மி.மீ. வரையான தண்டையும், 16 வகை 10 வரையும், 20 வகை 13 வரையும் பிடிக்கும்.

இ.ஆர். 16 முதல் மேலுள்ள காலெட்டுகள் தம் அளவிலிருந்து 1 மி.மீ. வரை சுருங்கக்கூடியவை, இ.ஆர். 11 அரை மி.மீ. மட்டுமே. ‘7–6’ என்று பொறித்த காலெட் 6.35 மி.மீ. தண்டையும் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் தினமும் ஓடும் பிட்டுக்குத் துல்லியமான அளவில் தனிக் காலெட் வாங்குவதே சிறந்தது. சுருக்கம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு மையம் தப்பாது, ஆயுளும் நீளும். பொறித்த உச்ச அளவைவிடத் தடித்த தண்டை ஒருபோதும் திணிக்கக்கூடாது.

வாங்கும்போது

பழைய காலெட், நட்டு, பிட் மூன்றையும் கடைக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். டிரிம்மர் காலெட் அந்தந்த நிறுவனத்துக்கும் மாடலுக்கும் உரியது. வேறொன்றின் கூம்புக் கோணம் சற்றே மாறினாலும் உட்கார்ந்தது போலத் தோன்றி ஒரு விளிம்பில் மட்டும் தொடும். தேனியிலோ கம்பத்திலோ சரியான அளவு கிடைக்கவில்லை என்றால் மதுரை, கோவைக் கடைகளிலிருந்து வரவழைக்கக் காத்திருப்பதே மேல். ‘இதுவும் பொருந்தும்’ என்று தரப்படும் மாற்றை வாங்கி அன்றைய வேலையை முடிக்கப் பார்ப்பது வீண் செலவு.

கையில் எடுத்துப் பார்க்கும்போது கூம்பின் வெளிப்புறம் பளபளப்பாக, கடைசல் வரிகள் விரலில் தட்டாமல் இருக்க வேண்டும். பிளவோரங்களில் பிசிறு இருக்கக்கூடாது. தண்டை விரலால் தள்ளினால் இலேசாக நுழைய வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது.

பெரிய காலெட்டுக்குள் செருகும் குறைப்புக் குழல்கள், அதாவது ஸ்லீவ், மெஷினோடு நிறுவனமே தந்தவையாக இருந்தால் சிறு வேலைகளுக்குப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கூடுதல் அடுக்கும் மையத்தைச் சற்றுத் தப்பவைக்கும் என்பதால் நுண்வேலைக்கு நேரடிக் காலெட்டே வேண்டும். தகரத் துண்டு, அலுமினியத் தாள், டேப் ஆகியவற்றைத் தண்டில் சுற்றி இறுக்குவது உயிருக்கு உலை வைக்கும் பழக்கம்.

கை வைக்கும் முன்

பிட் மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. வேலை நடுவில் மின்சாரம் போனால், ‘இப்போது மாற்றிவிடலாம்’ என்று பலர் பிட்டில் கை வைக்கிறார்கள். டிரிம்மரின் சுவிட்ச் ‘ஆன்’ நிலையிலேயே விடப்பட்டிருந்தால், மின்சாரம் திரும்பிய நொடியில் மெஷின் தானே ஓடும். கரண்ட் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை சுவிட்சை அணைப்பது, அடுத்தது பிளக்கைப் பிடுங்குவது.

சி.என்.சி.யில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தி, சுழல்தண்டை இயக்கும் டிரைவின் மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டும். நிரலை இடைநிறுத்தம் செய்துவிட்டு ஸ்பானரை மாட்டுவது தவறு.

இப்போதுதான் வெட்டி நிறுத்திய பிட் கையைச் சுடும். சில நிமிடம் ஆறவிட்டு, துணியால் பிடித்தே கழற்ற வேண்டும். பிட்டைக் கழற்றவும் மாட்டவும் கையுறை உதவும். மெஷின் ஓடும்போது கையுறை கூடாது.

டிரிம்மரிலும் கை ரூட்டரிலும் பொருத்தும் வரிசை

1. பிளக்கைப் பிடுங்கி, அது கண்ணுக்குத் தெரியும்படி மேசை மேல் வைத்தல். அடித்தட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றுதல். நட்டு தெளிவாகத் தெரியும், ஸ்பானருக்கும் இடம் கிடைக்கும்.

2. நட்டைத் தளர்த்திப் பழைய பிட்டை எடுத்தல். நட்டு தளர்ந்த பிறகும் பிட் வராவிட்டால் இடுக்கியால் முறுக்கக்கூடாது. பல மெஷின்களில் நட்டு முதலில் தளர்ந்து, சில சுற்றுக்குப் பின் மறுபடி இறுகும். அந்த இரண்டாம் இறுக்கத்தையும் ஸ்பானரால் தாண்டினால்தான் காலெட் கூம்பிலிருந்து விடுபடும். அப்படியும் வராதபோது நட்டின் பக்கத்தில் ஸ்பானர் பிடியால் இலேசாகத் தட்டினால் போதும்.

3. காலெட்டை வெளியே எடுத்து அதன் உள்ளும் புறமும், சுழல்தண்டின் குழியையும், நட்டின் மரையையும் உலர்ந்த துணியால் துடைத்தல். ஒவ்வொரு பிட் மாற்றத்திலும் இது நடக்க வேண்டும். அரை நிமிட வேலை.

4. பிட்டின் தண்டைத் துடைத்தல். புதிய பிட்டின் மேல் பூசிவரும் எண்ணெயும் மெழுகும் போக வேண்டும். தண்டில் எழும்பிய கீறல் இருந்தால் அந்தப் பிட் வேண்டாம்.

5. காலெட்டையும் நட்டையும் கையால் சில மரை ஏற்றுதல். பிட் இல்லாமல் ஸ்பானரால் இறுக்கக்கூடாது. கவ்வ எதுவும் இல்லாத காலெட் நெரிந்து உடையும்.

6. தண்டை அடிவரை செருகி, பிறகு 2 முதல் 3 மி.மீ. வெளியே இழுத்தல். காரணம் அடுத்த பகுதியில் உள்ளது.

7. நட்டை விரலால் முடிந்தவரை இறுக்கி, பிட் நேராக நிற்கிறதா என்று பார்த்தல்.

8. ஒரு ஸ்பானரைச் சுழல்தண்டிலும் மற்றொன்றை நட்டிலும் மாட்டி, இரண்டு பிடிகளும் V வடிவில் நெருங்கி வரும்படி ஒரே கையால் சேர்த்துப் பிழிதல். இரு கைகளால் எதிரெதிராகத் தள்ளினால் ஸ்பானர் நழுவும்போது விரல் மூட்டு நேராகப் பிட்டின் கூரில் போய் மோதும். பூட்டுப் பொத்தான் உள்ள மெஷினில் பொத்தான் முழுதும் இறங்கிய பின்னரே நட்டைத் திருப்ப வேண்டும்.

9. இரு ஸ்பானர்களையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பிட்டைக் கையால் சுற்றி, அடித்தட்டில் எங்கும் இடிக்கவில்லை என்று உறுதிசெய்தல்.

10. கண்ணாடி அணிந்து, பிட்டின் நேர்கோட்டில் முகம் இல்லாதபடி நின்று, அரை நிமிடம் காலியாக ஓட்டுதல். அதிர்வோ புதிய இரைச்சலோ இருந்தால் நிறுத்தி, 3ஆம் படியிலிருந்து மீண்டும் செய்ய வேண்டும்.

குறிப்பு: ஸ்பானர் பிடியில் குழாய் மாட்டி நீட்டி இறுக்குவதும், சுத்தியலால் அடித்து இறுக்குவதும் நட்டின் மரையையும் காலெட்டின் வாயையும் கெடுக்கும். அத்தனை பலம் தேவைப்படுகிறது என்றால் அளவோ சுத்தமோ தவறியிருக்கிறது.

தண்டு எவ்வளவு உள்ளே போக வேண்டும்

காலெட் துளையின் நீளத்தில் குறைந்தது நான்கில் மூன்று பங்கையாவது தண்டு நிரப்ப வேண்டும்; முழுதும் நிரப்பினால் இன்னும் நல்லது. பாதி மட்டும் நிரப்பினால் காலெட்டின் பின்பகுதி வெற்றிடத்தை நோக்கிச் சுருங்கும், முன்பகுதி மணி வாய்போல விரியும். ஒருமுறை அப்படி விரிந்த காலெட் பிறகு சரியான தண்டையும் நேராகப் பிடிக்காது. பல பிட்டுகளின் தண்டில் குறைந்தபட்ச நுழைவு ஆழத்தைக் காட்டும் கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியக்கூடாது.

அடிவரை செருகி அங்கேயே இறுக்குவதும் தவறு. இறுகும்போது காலெட் சற்று உள்நோக்கி நகர்கிறது. தண்டின் அடி குழியின் தரையில் முட்டியிருந்தால் பிட்டால் அதனுடன் நகர முடியாது. கவ்வல் முழுமை பெறாது. தண்டும் வெட்டும் பகுதியும் சேரும் இடத்திலுள்ள வளைவும் காலெட்டுக்குள் போகக்கூடாது. அங்கே விட்டம் கூடுவதால் காலெட் அந்த ஒரே வளையத்தில் கவ்விவிட்டு மற்ற இடத்தில் தளர்ந்திருக்கும்.

ஆழம் எட்டவில்லை என்று பிட்டை வெளியே இழுத்துப் பொருத்துவது அடிக்கடி நடக்கிறது. நீட்டம் இரு மடங்கானால் அதே பாரத்தில் வளைவு 8 மடங்கு. ஆழம் வேண்டுமென்றால் நீளமான பிட்டை வாங்க வேண்டும்.

இ.ஆர். காலெட்டைச் சி.என்.சி.யில் பொருத்துதல்

டிரிம்மருக்குப் பழகிய கை இங்கே ஒரு தவறைத் தவறாமல் செய்யும்: காலெட்டைச் சுழல்தண்டுக்குள் போட்டுவிட்டு மேலே நட்டை ஏற்றுவது. இ.ஆர். முறையில் காலெட் முதலில் நட்டுக்குள் பூட்டப்பட வேண்டும். நட்டின் உள்ளே ஒரு பக்கம் தடித்த வளையம் இருக்கிறது. காலெட்டின் கழுத்துப் பள்ளம் அதில் மாட்ட வேண்டும். மாட்டாமல் இறுக்கினால் காலெட் மையத்தை விட்டுச் சாயும், வளையம் உடையும், கழற்றும்போது காலெட் சுழல்தண்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

1. நட்டை மேசையில் கவிழ்த்து வைத்து, காலெட்டைச் சாய்வாகச் செருகி, பள்ளம் வளையத்தின் தடித்த பக்கத்தில் மாட்டும்படி நிமிர்த்துதல். ‘கிளிக்’ என்று உட்கார வேண்டும். உட்கார்ந்த காலெட்டின் முகம் நட்டின் முகத்தோடு ஏறக்குறைய சமமாக நிற்கும். நட்டைக் குலுக்கினாலும் விழாது.

2. சுழல்தண்டின் கூம்புக் குழியைத் துடைத்து, நட்டையும் காலெட்டையும் சேர்த்தே கையால் சில மரை ஏற்றுதல்.

3. மேசை மேல் மரத்துண்டோ துணியோ விரித்தல். நழுவி விழும் கார்பைடு பிட்டின் கூர் உடையாது.

4. பிட்டைச் செருகி, முன் சொன்ன ஆழ விதிப்படி வைத்து, விரலால் இறுக்கி, பிறகு இரு ஸ்பானரால் இறுக்குதல். சிறு காலெட்டுக்குச் சிறு விசை போதும். டார்க் ஸ்பானர் இருந்தால் தயாரிப்பாளர் அட்டவணையில் அந்த எண்ணுக்குள்ள விசையைப் பின்பற்றலாம்.

5. ஆழத்தின் தொடக்கப் புள்ளியை மறுபடி எடுத்தல். பிட் மாறியதும் பழைய புள்ளி செல்லாது.

கழற்றும்போது காலெட்டை எதிர்ப்பக்கம் சாய்த்தால் வளையத்திலிருந்து விடுபடும்.

ஆட்டத்தை அளத்தல்

பிட் மையத்திலிருந்து எவ்வளவு தப்பிச் சுற்றுகிறது என்பதை டயல் கேஜால் அளக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பின், கேஜின் முனையைக் காலெட்டுக்குச் சற்று வெளியே தண்டின் மீது தொடவைத்து, சுழல்தண்டைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டும். நல்ல இ.ஆர். காலெட்டில் முள் 0.01 முதல் 0.02 மி.மீ.க்குள் நிற்கும்.

0.05 மி.மீ. என்றால் சின்ன எண்தானே என்று விடக்கூடாது. 18,000 சுற்றில், நிமிடத்துக்கு 3,000 மி.மீ. நகரும் இருமுனைப் பிட்டில் ஒரு முனை ஒருமுறைக்கு 0.083 மி.மீ. சீவுகிறது. ஆட்டம் 0.05 ஆனால் ஒரு முனை 0.133 மி.மீ. சீவும், மற்றொன்று 0.033 மட்டுமே. முதல் முனை சீக்கிரம் மழுங்கும். இரண்டாவது வெட்டாமல் உரசி மரத்தைக் கருக்கும். பூவேலையின் ஓரம் கருகிவந்தால் பிட்டைக் குறைசொல்லும் முன் காலெட்டைப் பார்க்க வேண்டும்.

ஆட்டம் அதிகமிருந்தால் காலெட்டைக் கழற்றித் துடைத்து, கால் சுற்று திருப்பி மீண்டும் பொருத்தி அளப்பது முதல் மருந்து. பெரும்பாலும் ஒரு மரத்தூள் துணுக்கே காரணமாக இருக்கும்.

பிட் நழுவுவதைக் கண்டுபிடித்தல்

சீவலை மேலே தள்ளும் திருகுப் பிட்டுகள் ஓடும்போது தம்மைத் தாமே காலெட்டிலிருந்து மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். காடியின் ஆழம் தொடக்கத்தில் 5 மி.மீ.யாகவும் கடைசியில் 6 மி.மீ.யாகவும் வந்தால் பிட் நழுவியிருக்கிறது. இதை முன்கூட்டியே பிடிக்க, இறுக்கியபின் காலெட் முகத்தை ஒட்டித் தண்டில் மார்க்கரால் கோடு இட வேண்டும். முதல் வெட்டுக்குப் பின் கோடு விலகியிருந்தால் வேலையை நிறுத்த வேண்டும். மேலும் இறுக்குவது தீர்வாகாது. கழற்றி, துடைத்து, அளந்து, காலெட்டையும் சோதிக்க வேண்டும்.

கழற்றிய தண்டில் பழுப்பு அல்லது கறுப்பு வளையம் தெரிந்தால் அந்த இடத்தில் தண்டு நுண்ணிதாக நழுவிச் சூடேறியிருக்கிறது. வளையம் ஒரே விளிம்பில் இருந்தால் காலெட் வாய் விரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பிசின், ஆடிக்காற்று, சாரல்

தேக்கின் எண்ணெயும், பலா போன்ற மரங்களின் பாலும், எம்.டி.எஃப்.பின் பசையும் நுண்தூளோடு சேர்ந்து காலெட் பிளவுகளுக்குள் ஏறி, சூட்டில் வெந்து அரக்காகின்றன. துணியால் மட்டும் இது போகாது. வாரம் ஒருமுறை காலெட்டைத் தின்னரிலோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலோ ஊறவைத்து, பித்தளைக் கம்பித் தூரிகையால் துளையையும் பிளவுகளையும் தேய்த்து உலர்த்த வேண்டும். இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. பீடி, வெல்டிங் பொறி, ஓடும் மெஷின் அருகில் வைக்கக்கூடாது. உப்புத்தாள், அரம் எதுவும் காலெட்டில் படக்கூடாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைக் கணவாய் வழியே வீசும் ஆடிக்காற்று திறந்த பட்டறைக்குள் மணலையும் தூளையும் கொண்டுவந்து கொட்டும். கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் அதே மாதங்களில் சாரலும் உண்டு. மேசையில் திறந்து கிடக்கும் காலெட்டின் கூம்பில் புள்ளிப் புள்ளியாகத் துரு பிடித்தால் அது இனி நேராக உட்காராது. மூடி இறுக்கமான டப்பாவில், மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பது போதும். மெஷினில் போடும் முன் அந்த எண்ணெயை முழுதாகத் துடைத்தெடுக்க வேண்டும். கூம்பிலோ துளையிலோ எண்ணெய், கிரீஸ் இருந்தால் பிடி தளரும். இரவு வீட்டுக்குப் போகும்போது பிட்டைச் சுழல்தண்டிலேயே இறுக்கி விட்டுச் செல்வதையும் தவிர்க்க வேண்டும். ஈரத்தில் தண்டும் காலெட்டும் ஒட்டிக்கொள்ளும்.

மாற்ற வேண்டிய நேரம்

காலெட் தேயும் பொருள். தொடர்ந்து ஓடும் சி.என்.சி.க்கு 400 முதல் 600 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல கணக்கு. நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய மூன்று மாதம். காலெட்டைப் போட்ட தேதியைப் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம். பிளவோரத்தில் விரிசல், விரிந்த வாய், துடைத்தும் போகாத வடு, சுத்தம் செய்தும் குறையாத ஆட்டம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மணிக்கணக்கைப் பார்க்காமல் மாற்ற வேண்டும். கழித்த காலெட்டை அன்றே இடுக்கியால் நசுக்கிவிடுவது நல்லது. டப்பாவில் கிடந்தால் அவசரத்தில் யாரேனும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். இ.ஆர். நட்டின் உள்வளையம் தேய்ந்திருந்தால் நட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

புதுக் காலெட், புது நட்டு, புதுப் பிட் போட்டும் முள் 0.05 மி.மீ.யைத் தாண்டினால் கோளாறு சுழல்தண்டில்தான். டயல் கேஜின் முனையைக் குழியின் உட்சுவரில் தொடவைத்துச் சுற்றிப் பார்த்தால் குழி தேய்ந்ததா, பேரிங் போனதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பேரிங்கை மாற்றலாம். குழி கெட்டிருந்தால் உப்புத்தாள் சுற்றிய குச்சியால் தேய்த்துச் சரிசெய்ய முயலக்கூடாது. கூம்புக் கோணம் மேலும் கெடும். சில டிரிம்மர்களில் குழி ஆர்மேச்சர் தண்டிலேயே கடையப்பட்டிருப்பதால் ஆர்மேச்சரையே மாற்ற வேண்டிவரும். அதன் விலையைப் புதிய மெஷினின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவெடுக்கலாம்.